இராச்சாப்பாட்டுக்கு வந்தவர்கள்

விருந்து வைப்பவருக்கு நம்மிடம் ஆயிரம் விதிகள் இருக்கின்றன. வாசலில் நின்று வரவேற்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது, இலையில் குறைந்ததைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும், வந்தவர் சாப்பிட்டு எழும்பும்வரை தான் உட்காரக் கூடாது. விருந்துக்கு வருகிறவருக்கு என்ன விதி? எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வந்தாலே போதும், அவர் பெரிய மனிதர். எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் கோபம் வந்தது ஒரே ஒரு இரவுச் சாப்பாட்டினால். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. அதுவரை எதுவும் வேண்டும் என்று கேட்காதவர், ஒரு நாள் காலையில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆக்களை... வீட்டை... கூப்பிடுவம். சாப்பிட."

அடிபட்டவை வலக்கையும் பேச்சும்தான். கால் ஓரளவு திரும்பி வந்துவிட்டது. தடி ஊன்றி நடக்கிறார். அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் சொல்லிச் சொல்லியே நான் களைத்துப் போனேன். அவருக்கு எல்லாம் விளங்கும், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே தயாராகத்தான் இருக்கிறது. வாய்க்கு வரும் வழியில் மட்டும் எங்கோ தடக்குப்படுகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்குச் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான்: "பொறுத்திருங்க மிஸ். அவருக்குப் பதிலா நீங்க சொல்லி முடிச்சிராதீங்க."

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததல்ல. ஆனாலும் பழகிக்கொண்டேன். உப்பு வேண்டும் என்று அவர் கேட்டு முடிக்கும்வரை உப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

இரண்டு குடும்பங்களைக் கூப்பிட வேண்டும் என்றார். ஒருவர் அக்குறணையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றலாகி வந்து, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் நாங்கள் வீடு கட்டியபோது சீமெந்தும் கம்பியும் அவரிடம்தான் வாங்கினோம். அந்தப் பழக்கம் நட்பாகி, நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வரும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டது. மற்றவர் என் கணவரோடு பேராதனைக் கம்பசில் ஒரே அறையில் இருந்தவர். இப்போது கொழும்பில் பெரிய பதவியில் இருக்கிறார். ஒவ்வொரு நாள் விடியவும் ஃபோனுக்கு ஒரு பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார். வார இறுதிக்கு மனைவியோடு கண்டிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் என் கணவருக்கு இந்த யோசனையே வந்தது.

என்ன சமைப்பது என்பதையும் அவரே தீர்மானித்தார். இடியப்பம், சொதி, கோழிக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு.

"இடியப்பம் கரண்டியாலை சாப்பிடக் கஷ்டமெல்லோ? சோறாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"இடியப்பம்," என்றார். அந்தச் சொல் மட்டும் தடக்கவேயில்லை.

நம்முடைய ஆட்கள் மத்தியில் இடக்கையால் சாப்பிடுவது எவ்வளவு வெட்கமான காரியம் என்று சொல்லத் தேவையில்லை. மாதக் கணக்காக அவர் குசினி மூலையில், எனக்குக்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார். இப்போது பெரிய மேசையில், நாலு பேருக்கு முன்னால் உட்காரப் போகிறார். அந்தக் கிழமை முழுதும் இடக்கையில் கரண்டி பிடித்து இடியப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சொதியில் நனைத்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகப் பழகினார். நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

கொழும்பு நண்பரின் மனைவிக்கு நானே ஃபோன் எடுத்து விபரமாகச் சொன்னேன். "ஏழு மணிக்குச் சாப்பிட இருந்திட வேணும். பிந்தினால் இவர் களைச்சுப் போடுவார். களைச்சால் கதையும் வராது."

"ஓம் ஓம், அது விளங்காதே?" என்றார்.

அன்று மாலை என் கணவர் பொத்தான் வைத்த சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டார். எல்லாத் தெறியையும் ஒரு கையால் தானே பூட்டினார். நான் அறைக்கு வெளியே நின்றேன்.

அக்குறணைக்காரர்கள் ஏழுக்கு முன்பே வந்துவிட்டார்கள். கடைக்காரரின் மனைவியான அந்த அம்மா கண்ணாடிக் கோப்பை நிறைய வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் என் கணவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "எப்பிடி ஈக்கிறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் குசினியில் இடியப்பத் தட்டுகளை எடுத்தபடி காது கொடுத்தேன்.

"பீலி... பின்பக்கம்... ஒழுகுது," என்றார் என் கணவர்.

"மூலையிலயா, நடுவிலயா?"

மறுபடியும் அமைதி. பிறகு, "மூலை."

"அப்ப முட்டுத்தான் வெடிச்சீக்கும். திருத்துற பாஸ் ஒருத்தர அனுப்புறன்."

அவ்வளவுதான். வீட்டுக் கூரைத் தண்ணீர் வடியும் பீலியைப் பற்றி இரண்டு ஆம்பிளைகள் கதைத்தார்கள். ஒரு வருடமாக என் வீட்டுக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி என்னோடு கதைத்தார்களே தவிர, ஒருவரும் அவரோடு பீலியைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஏழு மணியாகியும் கொழும்புக்காரர்கள் வரவில்லை. ஃபோன் எடுத்தேன்.

"கலகெதர தாண்டிட்டம் தங்கச்சி, இந்தா வந்திட்டம்," என்றார் நண்பர். குருநாகல் வரை ஹைவேயில் வந்து, அங்கிருந்து கலகெதரப் பாதையால் வருகிறார்களாம். நல்லது என்று இடியப்பத்தை மூடி வைத்தேன். நேரம் போனது. மறுபடி எடுத்தேன். "கட்டுகஸ்தோட்டையிலை பயங்கர ட்ரஃபிக்."

என் கணவரின் தோள் மெல்லச் சரியத் தொடங்கியது. "நீங்கள் முதல்ல கொஞ்சம் சாப்பிட்டுக் குளிசையைப் போடுங்கோவன்," என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவை... வரட்டும்." அக்குறணைக்காரர்களைச் சாப்பிடச் சொன்னேன். "என்னத்துக்கு? எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவோம். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல," என்றார் அந்த அம்மா. அவர்களுக்கும் பசித்திருக்கும்.

கடைசியில் ஒரு வான் வந்து நின்றது. இரண்டு பேரை எதிர்பார்த்த வாசலில் ஐந்து பேர் இறங்கினார்கள். நண்பர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் கணவர், அவர்களுடைய வளர்ந்த மகள். தங்கை குடும்பம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறதாம்.

"இவையளை ஹோட்டல்ல விட்டிட்டு வாறதோ? எங்கட வீடு மாதிரித்தானே எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டம்," என்றார் நண்பரின் மனைவி.

ஒரு ஃபோன் அழைப்பு. அதில் ஒரு வசனம். அதைக்கூட அவர்களால் செய்ய முடியவில்லை. நான் சிரித்தேன். வீட்டுக்காரி சிரிக்கத்தானே வேண்டும்? சிரித்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்தேன். அக்குறணைக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிவந்து போட்டார்.

நண்பர் என் கணவரின் முகத்துக்கு நேரே குனிந்து, காது கேளாதவரிடம் கத்துவதுபோலக் கத்தினார். "மச்சான்! என்னைத் தெரியுதோ? நான் ஆர்? சொல்லு பாப்பம்!"

என் கணவர் சிரித்தார். "நீ..." என்று தொடங்கினார்.

"பாத்தியளே, தெரியுது! என்னைத் தெரியுது!" என்று நண்பர் எல்லோரையும் பார்த்துக் கைதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நித்திரை கொள்ளுறவனோ? கோபம் கீபம் வருதோ? ஆளை அடையாளம் பிடிக்கிறான், அது பெரிய விஷயம்," என்றார். நாலு வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பியவர், தன் கூட்டாளி முன்னாலேயே இருக்க, அவரைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்.

"அவரிட்டையே கேளுங்கோ," என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை.

மேசையில் இருந்ததும் அவுஸ்திரேலியாப் பிள்ளை இடியப்பத்தை எடுத்தபடி சொன்னது: "சொறி அன்ட்டி, லேட் ஆயிட்டுது. ஹோட்டல் பூல் அவ்வளவு நல்லா இருந்தது. அங்கிள் வெளியில வரவே மாட்டன் எண்டிட்டார்."

பாவம், அது உண்மையைச் சொன்னது. கலகெதரையும் கிடையாது, கட்டுகஸ்தோட்டை ட்ரஃபிக்கும் கிடையாது. என் கணவர் பூட்டிய சேட்டோடும் பசித்த வயிற்றோடும் கதிரையில் சரிந்து இருந்த நேரமெல்லாம் இந்த நண்பர் கண்டி ஹோட்டலில் நீந்திக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணிக்கு வெளியே கையை நீட்டித்தான் என் அழைப்பை எடுத்திருப்பார். "பிள்ளை பகிடி விடுது," என்றார் நண்பரின் மனைவி.

நண்பரின் மனைவி கைகழுவப் போனவர் நேரம் கழித்துத்தான் வந்தார். கழுவும் பேசின் சாப்பாட்டு அறையிலேயே இருக்கிறது. அவரோ மூடியிருந்த எங்கள் படுக்கையறைக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் மேசை முழுதும் கேட்கச் சொன்னார்:

"கொமோட் கதிரை ஒண்டு வச்சிருக்கிறியள் என்ன? எங்கை வாங்கினது? என்ர மாமிக்கும் ஒண்டு தேவை."

என் கணவரின் கரண்டி தட்டில் பட்டு ஓசை கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. அக்குறணை அம்மா சட்டென்று சொதியைப் பற்றி ஏதோ கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்பதெல்லாம் இப்போது ஞாபகத்தில் இல்லை. கன்னம் சுட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அவர் முயன்றார். இடியப்பத்தைப் பிய்த்தார். களைப்பில் கை நடுங்கியது. சொதி கொஞ்சம் மேசை விரிப்பில் சிந்தியது. உடனே நண்பரின் மனைவி எழும்பி, "ஐயோ, இடக்கையாலை... பாவமாக் கிடக்கு. நீங்கள் ஊட்டி விடலாமே அக்கா?" என்று சொல்லிக்கொண்டு, அவர் கையிலிருந்த கரண்டியை எடுத்தார். கேட்கவில்லை, எடுத்தார். எடுத்து, அவருடைய தட்டில் சொதியை விட்டு, இடியப்பத்தை எல்லாம் போட்டுக் குழைத்தார். கைக்குழந்தைக்குக் குழைப்பதுபோல. என் கணவர் கரண்டியை விட்டுவிட்டார். இழுபறி செய்ய அவருக்குக் கையில் பலம் இல்லை.

நான் வேறொரு கரண்டி கொண்டுவந்து அவர் இடக்கையில் வைத்தேன். தட்டை மாற்றினேன். அப்போதாவது அந்த மனிதர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

விளங்கவில்லை. நண்பர் ஒரு கையால் கோழிக் காலைக் கடித்தபடி மறு கையால் ஃபோனைத் தட்டினார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் கம்பஸ் கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் திரையில் முளைத்தார்கள். "ஆர் எண்டு பாருங்கோடா!" என்று சொல்லி ஃபோனை என் கணவரின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"கதை மச்சான்! எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். முந்தி மேடை மேடையாப் பேசினவன்டா இவன்! ஏதாவது சொல்லு!"

அவர் உதடு அசைந்தது. தாடையில் சொதி ஒரு கோடாக வடிந்திருந்தது. அதைத் துடைக்க அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. ஃபோனுக்குள் இருந்து குரல்கள் கேட்டன. "ஐயோ, ஆளே மாறிட்டான்." "பாவமடா."

நான் கையிலிருந்த சொதிக் கோப்பையை மேசையில் வைத்தேன். நண்பரின் கையிலிருந்து ஃபோனை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு, பறித்தேன். அழைப்பைத் துண்டித்து ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தேன்.

"போகேக்கை எடுத்துக்கொண்டு போங்கோ," என்றேன்.

"என்ன தங்கச்சி இது? அன்பிலை செய்ததெல்லோ?"

"அன்போ? ஏழு மணிக்கு வாங்கோ எண்டன். பூலுக்குள்ள நிண்டுகொண்டு கலகெதர எண்டியள். இவருக்குக் காது நல்லாக் கேக்கும், நீங்கள் கத்துறியள். வந்த நேரம் தொடக்கம் இவரை ஒரு வசனம் முழுசாச் சொல்ல விட்டியளோ? ஒரு வசனம்?"

நண்பரின் மனைவி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "வீட்டுக்கு வந்த ஆக்களோட இப்பிடியோ கதைக்கிறது?"

"வீட்டுக்கு வாற ஆக்கள் சாத்தின அறையைத் திறந்து பாக்கிறதோ?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாடசாலையில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

அவர்கள் எழும்பினார்கள். நண்பர் ஃப்ரிட்ஜின் மேல் இருந்த ஃபோனை எக்கி எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை மட்டும் என் பக்கத்தில் வந்து, மெல்ல, "சொறி அன்ட்டி," என்றது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வான் போய்விட்டது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்திருந்தது. அக்குறணை அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நீங்க இன்னும் ஒண்டும் சாப்பிடல்ல. உக்காருங்க," என்றார்.

என் கணவர் எனக்குத் துணை நிற்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விருந்தாளிகள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காலையில் தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். அதைத் தொடவில்லை.

"என்னிலை ஏன் கோபம்?" என்று கேட்டேன்.

நெடுநேரம் எடுத்தது. நான் கட்டில் விளிம்பில் இருந்து பொறுத்தேன்.

"நான்... சொல்ல... இருந்தனான்."

"என்னத்தை?"

"'ஃபோனை... வையடா'... எண்டு." பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "என்ர... கூட்டாளி. நான்... சொல்ல வேணும்."

திரைக்கு முன்னால் அவர் உதடு அசைந்ததே, அது அந்தச் சொல்லுக்கான முயற்சி. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் அது வந்திருக்கும். இதைக் கேட்டு நான் வருந்தியிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு வந்தது இன்னும் பெரிய கோபம். அவர் வாயிலிருந்து சொல்லைப் பறிக்கிற வேலையை அந்த மனிதர்கள் மாலை முழுதும் செய்தார்கள். கடைசிச் சொல்லை என் கையாலேயே பறிக்க வைத்துவிட்டுப் போனார்கள். மறுபடி அப்படி நடந்தாலும் ஃபோனைப் பறிப்பேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தேநீரை எடுத்துக் குடித்தார்.

கம்பஸ் கூட்டாளிகளுடைய வட்ஸ்அப் குழுவில் நண்பர் எழுதியிருந்தார்: "மனுசிக்குச் சரியான ஸ்ட்ரெஸ் போலை. நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேணும்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் கணவர் அதை வாசித்துவிட்டு, இடது பெருவிரலால் எழுதத் தொடங்கினார். பின்னேரம் முழுதும் எழுதினார். கிட்டப் போனால் ஃபோனைக் கவிழ்த்தார். அனுப்பிய பிறகுதான் காட்டினார்.

"மனுசிக்கு ஒண்டும் இல்லை. பிழை உங்களிலை."

சில கிழமைகள் கழித்து, ஒரு போயா விடுமுறை நாளில், அந்த நண்பர் தனியே வந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து, கண்டியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தார். கையில் ரம்புட்டான் பை. நான் கதவைத் திறந்தேன், சிரிக்கவில்லை.

"இன்னும் கோபமோ தங்கச்சி?"

"ஓம்," என்றேன். "உள்ளுக்கு வாங்கோ."

என் கணவரின் முன்னால் உட்கார்ந்து அவர் வழக்கம்போலக் கலகலவென்று தொடங்கினார். என் கணவர் இடக்கையை உயர்த்தினார். நண்பர் நிறுத்தினார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு..." என்றார் என் கணவர். நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். "ஏன்... ஒருக்காலும்... வரேல்லை?"

பெரியாஸ்பத்திரியில் அவர் கிடந்த அத்தனை காலமும் இந்த மனிதர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பூப்படம் மட்டும் வந்தது. அதை என் கணவர் மனதில் வைத்திருக்கிறார் என்று எனக்கே அன்றுதான் தெரியும். நண்பர் தரையைப் பார்த்தார். ரம்புட்டான் பையின் காதை முறுக்கினார். என் கணவர் அவசரப்படுத்தவில்லை. கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயமாயிருந்ததடா," என்றார் கடைசியில். "உன்னை அப்பிடிப் பாக்கப் பயமாயிருந்தது."

என் கணவர் மெல்லத் தலையாட்டினார். அவர்களுக்குள் அது போதுமானதாக இருந்திருக்கலாம். பிறகு இரண்டு பேரும் பழைய விரிவுரையாளர் ஒருவரைப் பற்றிக் கதைத்தார்கள். என் கணவர் ஒரு சொல்லுக்குத் திணறியபோது மற்றவர் தன் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்ததையும் பார்த்தேன். கஷ்டப்பட்டுத்தான் இருந்தார். இருந்தாலும் இருந்தார்.

நண்பரின் மனைவி இன்றுவரை மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் கரண்டியையும் அறைக் கதவையும் நான் மன்னிக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் நண்பருக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தேன். இராச்சாப்பாட்டு நேரம் நெருங்கியது. அவர் ஒருமுறை குசினிப் பக்கம் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று நான் சொல்லவில்லை. கடைசி ரயிலுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன்.